முப்பத்தொன்றாவது ஆள்

நான்காம் வகுப்பு லீடர் மூச்சிரைக்க ஓடி வந்து, அருங்காட்சியகத்தின் விசாரணை மேசையைப் பிடித்துக்கொண்டாள். தலை எண்ணும் பொறுப்பு அவளுடையது. சுற்றுலா வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மூன்று முறை எண்ணியும் பஸ்சில் முப்பதுதான் இருந்தது. ஐந்து மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை.

"அங்கிள், மைக்ல சொல்லுங்க. எங்க ஆள் ஒண்ணு காணோம்."

மேசைக்காரர் மைக்கை இழுத்தார். "பதறாதம்மா. கடைசியா எங்க பார்த்தே?"

"டைனோசர் எலும்புக்கூடு கிட்ட. அதைப் பார்த்தா உலகமே மறந்துபோகும்னு தெரிஞ்சும் அசந்துட்டேன்."

"தொலைஞ்சா அழுற ரகமா?"

"இல்ல, அடுத்தவங்களை அழ வைக்கிற ரகம்."

"சரியான வாலு போல," என்று சிரித்தார். "அடையாளம்?"

"பச்சைத் தொப்பி. கழுத்துல விசில்."

"பேரு?"

"தெரியலையே அங்கிள்."

"நல்லா இருக்கே. கூடப் படிக்கிற பிள்ளை பேரு கூடவா தெரியாது?"

"கூடப் படிக்கலை அங்கிள். எங்களுக்குப் பாடம் எடுக்கிறாங்க. இத்தனை நாளா 'மிஸ்'னே கூப்பிட்டுட்டோம்."