மாப்பிள்ளை கை

செல்போன் போய், எல்லாருக்கும் உள்ளங்கைத் தோலிலேயே திரை வந்துவிட்டது. சுடலைமுத்து அண்ணாச்சியின் கல்யாண வளையல் கடைக்கு மட்டும் இன்னும் பழைய செல்போன் வெப்சைட்தான். அதை உள்ளங்கைக்கு மாற்ற அவரைச் சம்மதிக்க வைக்காவிட்டால், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான எனக்கு வெப்சைட் கம்பெனி வேலை போய்விடும்.

“கல்யாணப் பொண்ணு கை முழுக்க மருதாணி இருக்கும்லா. அதுல உன் வெப்சைட் எப்படிம்மா தெரியும்? உங்க ஆபீஸ்ல பொம்பளையே கிடையாதா?” என்றார் அண்ணாச்சி.

நான் ஒருத்தி இருக்கிறேன். என்னை எவன் கேட்டான்?

எரிச்சலில் சொன்னேன். “மாப்பிள்ளை கை சும்மாதான இருக்கு அண்ணாச்சி? அதைப் பிடிச்சுப் பாக்கட்டும்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

நேற்று அவரே கூப்பிட்டார். “எம்மா, கடைக்கு நேர்ல வந்த ஜோடிகளும் வெப்சைட்டைப் பாக்கோம்னு கையைப் பிடிச்சுக்கிட்டே நிக்குதுவ. நான் கடையை எப்படிப் பூட்ட?”