பதினோரு தலை வாங்கிய துப்பாக்கி

“பதினோரு தலை சார்! ஒரே போர்ல!”

பெரியவர் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு துப்பாக்கியின் மரக்கட்டையைக் காட்டினார். கத்தியால் கீறிய பதினோரு வெட்டு, வரிசையாக இருந்தது.

அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் தலையாட்டிவைத்தார். பழைய ஆயுதங்களைப் பார்த்து அவற்றின் வயது, நிலைமை, வரலாறு எல்லாம் எழுதிக்கொடுப்பது அவர் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு பொய் எழுதியதில்லை. அதனாலேயே அவருக்கு நண்பர்களும் அதிகமில்லை.

“எங்க முப்பாட்டன் போருக்கு எடுத்துட்டுப் போன துப்பாக்கி. கண்ணாடிப் பெட்டியில வைங்க. கீழ அட்டையில ‘பதினோரு எதிரிகளைக் கொன்ற மாவீரன்’னு போடுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கலை. சாகறதுக்குள்ள அதைப் பார்த்துட்டாப் போதும்.”

“பார்த்துட்டுச் சொல்றேன் சார்.”

“பார்க்க என்ன இருக்கு? புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? நானும் இருபது வருஷம் எல்லையில நின்னவன். சுட்டுச் சுட்டு என் தோளே இறங்கிப் போச்சு. எனக்கு வாய்ச்ச மாப்பிள்ளையைப் பாருங்க. கரப்பான்பூச்சியை முறத்துல அள்ளி, தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வர்றார்!”

மூலையிலிருந்த மாப்பிள்ளை அசடு வழிந்தார். பதினைந்து வருடமாக அவருக்கு அது பழக்கம்.

மதிப்பீட்டாளர் துப்பாக்கியை மேசையில் கிடத்தினார். கட்டையில் செல்லரிப்பு இல்லை. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் குதிரை இறுக்கமாக இருந்தது. குழாயின் வெளிப்புறத்தில் லேசான துரு, அவ்வளவுதான். நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆன பொருளுக்கு இதைவிட நல்ல உடம்பு கிடையாது.

நீளமான கம்பியைக் குழாய்க்குள் விட்டார். கால்வாசி போனதுமே நின்றுவிட்டது.

மெல்லக் குழாய் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார். “சார், இதை யாராவது கையில எடுக்கறதுண்டா?”

“நான்தான். மாப்பிள்ளை வீட்டுக்குள்ள நுழையறப்பல்லாம் நெஞ்சுக்கு நேரா நீட்டி, ‘கையைத் தூக்கு’ம்பேன். சும்மா ஒரு விளையாட்டு.”

“சார்... இது மருந்தும் குண்டும் நிரப்பி வச்ச துப்பாக்கி.”

மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார். “அப்பா!” என்று கதவோரம் நின்ற மகள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

பெரியவர் அசைந்துகொடுக்கவில்லை. “பன்னிரண்டாவது ஆளுக்குப் போட்டு வச்சிருப்பார். நேரம் கிடைச்சிருக்காது” என்றார்.

துப்பாக்கியைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய், குழாயில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார்கள். பிறகு மதிப்பீட்டாளர் திருகுமுனை வைத்த கம்பியைக் குண்டில் இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கறுப்புச் சேற்றோடு ஈயக்குண்டு ஒன்று வெளியே விழுந்தது. பெரியவர் கைதட்டினார்.

மதிப்பீட்டாளர் கம்பியை மறுபடி விட்டார். இன்னொரு குண்டு வந்தது. பெரியவர் கைதட்டினார், கொஞ்சம் மெதுவாக.

ஐந்தாவது குண்டுக்குக் கைதட்டல் நின்றது. ஏழாவது குண்டுக்கு மாப்பிள்ளை கைதட்ட ஆரம்பித்தார். மகள் முறைத்த முறைப்பில் கையை இறக்கிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் கிண்ணத்தில் பதினோரு குண்டுகள் சேர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு விட்ட கம்பி, குழாயின் அடியில் போய் ‘டங்’கென்று இடித்தது.

“இதுக்கு என்ன சார் அர்த்தம்?” பெரியவரின் குரல் இறங்கியிருந்தது.

மதிப்பீட்டாளருக்குத் தர்மசங்கடம். ஆனாலும் சொன்னார்.

“இந்தத் துப்பாக்கியில ஒரு குண்டு போட்டு, அதைச் சுட்டபிறகுதான் அடுத்ததைப் போடணும். வரிசையா நின்னு எல்லாரும் ஒண்ணாச் சுடுவாங்க. கிளம்புற புகையில யார் சுட்டா, யார் சுடலைன்னு தெரியாது. உங்க முப்பாட்டன் ஒவ்வொரு தடவையும் குண்டைப் போட்டிருக்கார். கட்டையில ஒரு வெட்டு வெட்டியிருக்கார். சுட மட்டும் இல்லை.”

“பதற்றத்துல, சுட்டுட்டதா நினைச்சு மறுபடி மறுபடி போட்டிருக்கலாமில்ல?”

“ஒரு தடவைன்னா அப்படிச் சொல்லலாம். பதினோரு தடவையுமா சார்?”

“அப்போ அந்தப் பதினோரு பேர்?”

“அவங்கவங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க.”

மாப்பிள்ளை அடக்கமுடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டார்.

பெரியவரின் முகம் சிவந்தது. “சார், நீங்க மட்டும் உள்ள வாங்க” என்று மதிப்பீட்டாளரின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

மதிப்பீட்டாளர் சுவரோடு ஒட்டி நின்றார். பட்டாளத்துக் கை, ஒரு அறை விட்டால் தாங்காது.

“அட்டையில என்ன எழுதப்போறீங்க?”

“உள்ளதைத்தான் சார். வருத்தமா இருந்தா மன்னிச்சுடுங்க. ‘பதினோரு தடவையும் சுடாதவர்’னு எழுதுவேன்.”

“எழுதுங்க. தூரத்துல நின்னாலும் தெரியற மாதிரி, பெரிய எழுத்துல எழுதுங்க.”

மதிப்பீட்டாளர் நிமிர்ந்து பார்த்தார். பெரியவரின் கண்கள் கலங்கியிருந்தன. கதவுக்கு வெளியே யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மதிப்பீட்டாளரின் காதருகே குனிந்தார்.

“கொடுத்து வச்ச மனுஷன் சார் அவரு. எங்க காலத்துல ஒவ்வொரு தோட்டாவுக்கும் சுட்ட காலிக்கூட்டைத் திருப்பிக் கொடுக்கணும். வேற வழியில்லாம, இருபது வருஷமும் நான் மேகத்தைத்தான் சுட்டேன்.”