தடுப்பு

பழைய துணி எதைக் கண்டாலும் பையாக்கிவிடும் செண்பகவல்லி, தூத்துக்குடி வெயிலுக்கு இது எதற்கு என்று கணவர் முத்தையாவின் ஒரே ஸ்வெட்டரையும் வெட்டிப் பையாகத் தைத்துவிட்டாள். மார்கழியில் இரண்டு நாள் கொடைக்கானல் வந்த பிறகுதான் அது உறைத்தது. ஏரிக்கரை பெஞ்சில் அவருக்குப் பற்கள் தந்தியடித்தன. அவள் அந்தப் பையிலிருந்த முறுக்கையும் துண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கைய உள்ள விடுங்க" என்றாள். அவர் ஒரு பக்கம் விட்டார், அவள் மறுபக்கம் விட்டாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. அவர் விரல்கள் அவள் விரல்களைத் தேடிப் போய் எதிலோ முட்டின.

"ஏட்டி, நடுவுல இது என்னது?"

"தின்பண்டம் தனி, துணி தனின்னு தடுப்பு வச்சேன்."

"நல்லாத்தான் தச்சிருக்க."

தைத்து முடித்த பையை யார் சொல்லியும் பிரிக்காதவள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து தடுப்பின் நூலைப் பல்லால் கடித்தாள்.