பாதிப் பாலம்

செலின் வீடு உப்புக் கால்வாயின் இந்தக் கரையில், அவள் அக்கா மெற்றில்டாவின் வீடு அந்தக் கரையில். இருவரும் பேசிப் பல வருஷமாகிறது. படகில் ஏறி இறங்கக் கால்வாயின் பாதிவரை ஒரு மேடை வேண்டும் என்று செலின் பட்டறைக்குப் போனாள். பெயிண்ட் அடித்த இரும்பே போதும், மலிவு என்றார் பட்டறைக்காரர் அருளப்பன்.

"உப்புக் காத்து அதத் தின்னுரும். உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்த இரும்பே போடுங்க. எனக்குப் பொறவும் நிக்கணும்."

"அப்பம் போல்ட்டு மாட்டுற துளை எல்லாத்தையும் இப்பமே சொல்லிருங்க யம்மா. முக்கின பொறவு துளைச்சா, அது வழியாத் துரு ஏறிரும்."

தன் கரைப் பக்கத்துத் துளைகளைச் சொல்லிவிட்டுச் செலின் சற்று நின்றாள். "அந்த மொனையிலயும் நாலு போடுங்க."

"அங்க எதுக்கு? அது தண்ணிக்கு மேல அந்தரத்துலல்லா முடியுது. எதோட முடுக்கப் போறீங்க?"

"கெடக்கட்டும்."

மேடை நின்ற அன்று சாயங்காலம் செலின் அதன்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தாள். வெயில் குடித்திருந்த இரும்பு இதமாகச் சுட்டது. எதிர்க்கரையில் காய்ந்த துணி எடுக்க வந்த மெற்றில்டா, நுனித் தகட்டில் வெளிச்சம் ஒழுகிய நாலு துளைகளையும் வெகுநேரம் பார்த்தாள். துணியோடு உள்ளே போனாள். செலின் தலையைத் தூக்காமல், ஆறிப்போன தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த அக்காவின் கையில் தையல் அளவுநாடா இருந்தது.

"ஏட்டி, துளைக்குத் துளை எவ்வளவு?"