ஈசாக்கின் கழுத்தில் வெளிச்சம்

"வாயைத் திற, டனிஸ்ரன். கழுத்திலை கத்தி நிக்கேக்கை ஆர் இப்பிடிப் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடப்பினம்? படத்தைப் பார், ஈசாக்கு கத்துறான்."

அருமைநாதன் நானூறு வருடப் பழமையான இத்தாலிய ஓவியம் ஒன்றின் பிரதியைத் தூக்கிக் காட்டினார். கடவுள் கேட்டார் என்பதற்காகப் பெற்ற மகன் ஈசாக்கைப் பலியிடப் போகிறார் ஆபிரகாம். கத்தி இறங்கும் நேரத்தில் தேவதூதனான சம்மனசு வந்து கையைப் பிடிக்கிறது. செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் அன்று தவக்கால நிகழ்ச்சி. அந்த ஓவியத்தை ஆட்களை வைத்து மேடையில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்பது அருமைநாதனின் ஆசை. பாடகர் குழு ஒரு பாட்டைப் பாடி முடிக்கும்வரை யாரும் அசையக்கூடாது.

"ஒரேயொரு லைற். அதுவும் ஒரு பக்கத்தாலை. கத்தி, கழுத்து, கிழவன்ரை நெத்தி, சம்மனசின்ரை கை. இவ்வளவும்தான் தெரியவேணும். மிச்சமெல்லாம் கும்மிருட்டு. அந்த இருட்டுத்தான் சனத்தைப் பயப்படுத்தும்."

டனிஸ்ரனுக்குப் பயப்பட இருட்டுத் தேவைப்படவில்லை. ஆபிரகாமாக அவன் தலையைப் பலிபீடக் கல்லோடு அழுத்திப் பிடித்திருந்தவர் நீக்கிலாப்பிள்ளை. ஜான்-டலோன் சந்தையில் மீன் வெட்டுகிறவர். அட்டைக் கத்தி வெளிச்சத்தில் மினுங்காது என்று சொல்லித் தன் சொந்தக் கத்தியையே கொண்டுவந்திருந்தார். வெள்ளைச் சிறகு கட்டிக்கொண்டு சம்மனசாக அவர் கையைத் தடுப்பவள் அவருடைய மகள் றொஷினி. அவளைத்தான் டனிஸ்ரன் இரண்டு வருடமாகக் காதலிக்கிறான்.

"வெட்டுற பக்கம் மேலைதானே, அங்கிள்?"

"அது நீ நடக்கிறதைப் பொறுத்தது, தம்பி" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "இண்டைக்கு ஒழுங்காச் செய்யவேணும். ரொறன்ரோவிலை இருந்து ஆக்கள் வருகினம், எங்கடை பிள்ளையைக் கேட்டு. முன் வரிசையிலை இருப்பினம்."

டனிஸ்ரனின் வாய் தானாகத் திறந்தது.

"அதுதான். இதைத்தான் நான் இவ்வளவு நேரமும் கேட்டனான்" என்று அருமைநாதன் பூரித்துப்போனார்.

ஒத்திகை முடிந்ததும் டனிஸ்ரன் றொஷினியைத் திரைக்குப் பின்னால் மறித்தான்.

"மாப்பிள்ளை வீட்டார் வருகினமாம். உண்மையே?"

"ஓம்."

"நீர் என்ன சொல்லப் போறீர்?"

"அவை கேட்டா நான் ஓமெண்டுதான் சொல்லுவன்." அவள் குனிந்து சிறகைச் சரிசெய்தாள்.

"அப்ப நான்?"

"நீர் எங்கடை அப்பாவிட்டை ஒரு சொல்லுக் கேட்டனீரே? அவரைக் கண்டா மீன் விலையெல்லோ விசாரிக்கிறீர்."

"உங்கடை அப்பாவோடை கதைக்கச் சொல்லி, அண்ணையோடை இருக்கிற அம்மாவுக்குப் போன மாதமே சொன்னனான். பாப்பமெண்டிட்டுப் போனை வைச்சிட்டா."

"அவ பாத்துக்கொள்ளுவா. நீர் என்னத்தைப் பாக்கிறீர்?"

"நான் வாயெடுத்தா அவர் கத்துவார், இல்லாட்டி எழும்பிப் போயிடுவார். எப்பிடிக் கேக்கிறது?"

"இண்டைக்கு ஒரு பாட்டு முடியுமட்டும் அவர் கத்தவும் மாட்டார், எழும்பவும் மாட்டார்" என்று சொல்லிவிட்டு றொஷினி மேடைக்கு ஓடினாள்.

விளக்கு எரிந்தது. அந்த நொடியே மண்டபம் காணாமல் போனது. வெளிச்சத்தில் கிடக்கிறவனுக்கு இருட்டில் இருக்கிறவர்கள் தெரிவதில்லை. முன் வரிசை வெறும் கறுப்பாக இருந்தது. ஆனால் சனம் ஒன்றாக மூச்சை இழுத்தது அவனுக்குக் கேட்டது. கன்னத்துக்குக் கீழே கல் குளிர்ந்தது. கடைக்கண்ணில் கத்தி வெள்ளி மீன்போல் மின்னியது. இருட்டுக்குள்ளிருந்து றொஷினியின் கை மட்டும் நீண்டு வந்து தகப்பனின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது.

பாட்டுத் தொடங்கியது. இப்போது இல்லாவிட்டால் இனி இல்லை.

"அங்கிள்" என்றான், திறந்த வாயை மூடாமலே.

ஆபிரகாம் அசையவில்லை.

"நான் றொஷினியை விரும்பிறன்."

தலைமயிரைப் பிடித்திருந்த கை இறுகியது. கத்தி ஒரு விரற்கடை கீழே இறங்கியது. சம்மனசு இப்போது உண்மையாகவே இழுக்கத் தொடங்கியது. அவன் உதடு நடுங்குவதைக் கண்டு முன் வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

"அவவும் விரும்பிறா. ரொறன்ரோ ஆக்களுக்குக் குடுத்திடாதேங்கோ, அங்கிள்."

ஆபிரகாமின் பஞ்சுத் தாடி மட்டும் மெல்ல ஆடியது. "பாட்டிலை ஒண்டும் கேக்கேல்லை. சத்தமாச் சொல்லு."

டனிஸ்ரன், இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று மூச்சு முட்ட இழுத்து, தொண்டை கிழியக் கத்தினான். பாட்டு முடிந்ததும் அதே கணத்தில்தான்.

"றொஷினியை எனக்குக் கட்டித் தாங்கோ."

நிசப்தத்தில் அது கடைசிக் கதிரைவரை போய்ச் சேர்ந்தது.

"படத்திலை இது இல்லையே" என்று முனகிக்கொண்டே அருமைநாதன் விளக்கை அணைத்தார்.

இருட்டில் தலைமயிரைப் பிடித்திருந்த கை விலகியது. டனிஸ்ரன் கல்லில் கிடந்தபடியே எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். வந்தவர்கள் முகம் சுழித்து எழும்பிப் போவார்கள். இத்தனை பேருக்கு முன்னால் றொஷினிக்குத் தலைகுனிவு. நீக்கிலாப்பிள்ளை இனி அவனைத் தெருவில் கண்டாலும் முகம் பார்க்க மாட்டார்.

மண்டப விளக்குகள் எல்லாம் எரிந்தபோது நீக்கிலாப்பிள்ளை மேடை விளிம்பில் நின்றார். கத்தி இன்னும் கையில்தான் இருந்தது.

"சம்பந்தி, நீங்கள் போனிலை கேக்கேக்கை நான் சொன்னதுதான். பெடியன் தன்ரை வாயாலை கேக்காமல் என்ரை பிள்ளையைத் தரமாட்டன். இப்ப கேட்டிட்டான், ஊருக்கே கேட்டிட்டுது. இனி நாள் பாப்பம்" என்றார், முன் வரிசையைப் பார்த்து.

டனிஸ்ரன் பயந்து பயந்து தலையை நிமிர்த்தி அந்த ரொறன்ரோ ஆட்களைப் பார்த்தான்: அவனுடைய அண்ணனுக்குப் பக்கத்தில், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி இருந்தவர் அவனுடைய அம்மா.