ஐந்தாவது டிக்கெட்

பார்படாஸ் தீவுக்கு எங்கள் முதல் பயணம். "குடும்பத்தோட ஒரு வாரம், ஏற்பாடு பண்ணு" என்று வீட்டிடம் சொன்னேன். பெயரும் வயதும் தட்டச்சு செய்த காலம் போய்விட்டது. நாம் பேசுவதையெல்லாம் வீடே கேட்டு வைத்திருக்கிறது.

சமையலறைச் சுவரில் டிக்கெட்டுகள் தோன்றின. நான், என் மனைவி நித்திலா, பிள்ளைகள் இரண்டு பேர். ஐந்தாவதாக, எங்கள் வீட்டில் வேலை செய்யும் லூர்து.

"இவளை ஏன் சேர்த்தே?"

"சென்ற ஆண்டில் முப்பத்தொரு முறை அவரை 'எங்க வீட்டு ஆளு' என்று சொல்லியிருக்கிறீர்கள்" என்றது வீடு.

சொன்னோம்தான். அவள் லீவு கேட்டபோதெல்லாம், சம்பளம் கூட்டிக் கேட்டபோதெல்லாம் அதைத்தான் சொன்னோம்.

உடனே ரத்து செய்தேன். ஆனால் டிக்கெட் அவள் போனுக்குப் போய்விட்டிருந்தது. ரத்தானதைப் பார்க்காமலே காலையில் வந்து நின்றாள்.

"பெட்டியெல்லாம் வேணாம் சார். என் பொண்ணோட ஸ்கூல் பேக்கே எனக்குப் போதும்."

நித்திலா குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். லூர்து இருக்கும்போது அவள் பாத்திரம் கழுவி நான் பார்த்ததே இல்லை.

"அது மிஷின் பண்ண தப்பு லூர்து. கேன்சல் பண்ணிட்டேன்." அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், வாய்க்குப் பழகிப்போனதைச் சொன்னேன். "மனசுல வச்சுக்காத. நீ எங்க வீட்டு ஆளு."

சுவரில் நான்கு டிக்கெட்டுகள் மறுபடியும் ஐந்தாயின.

லூர்து அதைப் பார்த்தாள். பிறகு நித்திலா கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"என் பேரை எடுத்துடுங்க சார்" என்றாள். "இந்தத் தடவை எதுவும் பேசாம எடுத்துடுங்க."