ஒரு வருஷம் கெடாத பெட்ரோல்

“சாதாவா, ஸ்பெஷலா?”

கையில் பைப்புடன் ஆதிலட்சுமி கேட்டாள். காருக்குள் இருந்த ஆரோக்கியம் யோசித்துக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் போட வந்த மனுஷனுக்கு இதில் என்ன யோசனை என்று யாருக்கும் தோன்றும். அவருடைய கார் அப்படிப்பட்டது.

வீட்டு ப்ளக் பாயின்டில் செருகி வைத்தால் ஐம்பது கிலோமீட்டர் கரண்டிலேயே ஓடிவிடும். அதற்கு மேல் போனால்தான் பெட்ரோல். மில்லிலிருந்து ஓய்வு பெற்று ஒதியம்பட்டில் ஒண்டியாக இருக்கிறவருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் என்ன சோலி? வில்லியனூர் மார்க்கெட், மாதா கோயில், மனைவியின் கல்லறை. எல்லாம் கூப்பிடு தூரம்.

பெட்ரோல் தேவைப்படுவது ஒரே ஒரு இடத்துக்குத்தான். சென்னை ஏர்போர்ட்.

மகன் சேவியர் பிரான்சில் இருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன் வந்தபோது வாங்கிக் கொடுத்த வண்டி இது. “இனிமே வாடகைக் காரு வேணாம்பா, நீயே வந்து என்னைக் கூட்டிக்கினு போ” என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

அந்த ஒரு வார்த்தைக்காக அறுபத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். சொல்லிக்கொடுத்தவன் தலையில் அடித்துக்கொண்டது தனிக் கதை.

ஒவ்வொரு வருஷமும் மாதா தேருக்கு வருகிறேன் என்பான். இவரும் டேங்க்கை நிரப்பி வைப்பார். அவன் வரமாட்டான். பெட்ரோல் கிடந்து கெட்டுப்போகும். நேற்று இரண்டாவது தடவையாக டேங்க்கை இறக்கிக் கழுவிய மெக்கானிக் கலைச்செல்வனுக்கே பொறுக்கவில்லை.

“மாமா, சாதாவுல எத்தனால் கலந்திருக்கு. ரெண்டு மூணு மாசத்துல ஓட்டித் தீத்துடணும். சும்மா கெடக்கும்னா ஸ்பெஷல் போடுங்க, அதுல கலப்பு இல்ல, வருசம் முச்சூடும் தாங்கும். காலியா மட்டும் வச்சிடாதீங்க. பையன் வராரா இல்லியா, அத்த மொதல்ல கேட்டுக்குங்க.”

வராமல் என்ன? இன்னும் பத்தே நாளில் தேர். டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதாகப் போன வாரம்கூடச் சொன்னானே! வந்துவிட்டால் ஏர்போர்ட், வேளாங்கண்ணி என்று பெட்ரோல் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். அதற்குச் சாதாவே தாராளம். காலையில் கிளம்பும்போது “சாதா, ஃபுல் டேங்க்” என்று வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தார். சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

பின்னால் பைக்கில் இருந்தவன் ஹாரனை அமுக்கினான். “இன்னா பெருசு, தூங்கிட்டியா?”

“ஸ்பெஷலே போடும்மா” என்றார் ஆரோக்கியம்.

ஆதிலட்சுமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு வருஷமாக அவள்தான் அவருக்குப் போடுகிறாள். “அட! பையன் வராரா? சாதாவத் தவிர வேற தொடாத மனுசன் இன்னிக்கு ஒசத்தியா கேக்கசொல்லவே நெனச்சேன்!”

“ஆமாம்மா.”

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. பங்க்குக்குள் நுழையும் முன் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, சேவியர் அனுப்பியிருந்த குரல் செய்தியை நான்கு தடவை கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். ‘லீவு கெடைக்கலப்பா. அடுத்த வருசம் கண்டிப்பா.’ பெட்ரோலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிடலாம் போலிருந்தது. திரும்பினால் மட்டும் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஆதிலட்சுமி கேட்காமலே துணியெடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தாள். பையன் வந்து பார்க்கும்போது வண்டி பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.

“நானும் தேருக்கு வருவேன். கோயில் வாசல்லதான் நிப்பேன். பையனக் கண்ணுல காட்டாம போயிடாதீங்க, ஆமா!”

சரி என்று தலையாட்டினார்.

இந்த வருஷம் தேர் பார்க்கவும் போக முடியாது என்பது, வண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.